கிழிந்த எழுத்தும் கலகமும்

இசைப் பத்திரிகையின் அட்டை வாசகனோடு போடுகிற ஒப்பந்தம் என்றே நான் நினைக்கிறேன். உள்ளே என்ன இசை, யாருக்கான இசை என்பதை அதுதான் முதலில் சொல்லிவிடுகிறது.

1967 நவம்பரில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் வெளிவந்த ‘ரோலிங் ஸ்டோன்’ முதல் இதழின் அட்டையில் ஜான் லென்னன், சினிமாவுக்காகப் போட்ட சிப்பாய் வேஷத்தில். எதிர்க்கலாச்சாரம் பேசிய பத்திரிகைக்கும் நட்சத்திர முகம் தேவைப்பட்டது.

1976இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி குமாஸ்தா ‘ஸ்னிஃபிங் க்ளூ’ என்ற பங்க் இதழைத் தொடங்கினார். மார்க்கர் பேனாவால் கிறுக்கிய தலைப்பு, தட்டச்சு, ஜெராக்ஸ். அவ்வளவுதான். பிழைகளை அவர் மறைக்கவேயில்லை. இதை அழகியல் என்று முதலில் யாரும் திட்டமிடவில்லை. கையில் காசில்லை, சொல்ல விஷயம் இருந்தது. வாசகனுக்கு அந்த அட்டை சொன்னது ஒன்றுதான்: ‘இதை நீயும் செய்யலாம்.’

1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸின் இசைத்தட்டு உறைக்கு ஜேமி ரீட் எழுத்துகளை வெட்டி ஒட்டி, ராணியின் கண்ணையும் வாயையும் மறைத்தார். கிழிசல் பங்க்கின் அடையாளமாகிவிட்டது. அதே வருஷம் பெர்ரி இதழை நிறுத்திக்கொண்டார்.

இன்று கிழிந்த எழுத்து கம்ப்யூட்டரில் ஒரு ஃபாண்ட். எந்தக் கம்பெனியும் அதைப் போட்டுக் கலகத்தைச் சரக்காக விற்கலாம். வகைமை மரபு என்பது இப்படித்தான் உருவாகிறது: காரணம் செத்துப்போகிறது, வடிவம் மிஞ்சுகிறது.

சிற்றிதழ்க்காரர்களான நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் அட்டையின் கரடுமுரடு தேவையிலிருந்து வருகிறதா, பழக்கத்திலிருந்தா?