தால் பருவம்

இளைய மகனுக்குப் பெண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சிறிய கருவியோடு வந்து குழந்தையின் காதில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார். தூங்கிய குழந்தை விழிக்கக்கூட இல்லை. ஐந்து நிமிடத்தில் இரண்டு காதும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மருமகளுக்கு அது சாதாரண விஷயம். நான் வெளியே வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் குமரகுருபரரில் இருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் 17ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் அவர். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழும் அவர் பாடியவை. பிள்ளைத்தமிழ் என்பது, ஒரு வகையில், குழந்தை வளர்ச்சியின் நாட்குறிப்பு. தெய்வத்தையோ அரசனையோ குழந்தையாக வைத்து, வளரும் படிகளைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுவது. பாட்டியல் இலக்கணத்தின் ஒரு கணக்குப்படி 3ஆம் மாதம் காப்பு, 5இல் செங்கீரை, 7இல் தால், 9இல் சப்பாணி, 11இல் முத்தம், 13இல் வருகை என்று ஒற்றைப்படை மாதங்களாகவே போய் 21இல் முடியும். அம்புலிக்குப் பின் வரும் கடைசி மூன்றும் ஆண்பிள்ளைக்கு வேறு, பெண்பிள்ளைக்கு வேறு.

செங்கீரையைப் பாருங்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. யாரோ பாயில் குப்புறக் கிடந்த குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்துத்தான் இதை வகுத்திருக்க வேண்டும். சப்பாணி, கை கொட்டுவது. வருகை, நடந்து வருவது. உலக சுகாதார நிறுவனம் டெல்லி உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கிலும், தானாக நடப்பதற்கு நடுவான வயது ஏறக்குறைய 12 மாதம்தான். ஆனால் அவர்கள் எட்டு மாதம் தொடங்கிப் பதினேழு மாதம் தாண்டியும் நடக்கலாம் என்று இடைவெளி விட்டுச் சொன்னார்கள். நம் பாட்டியல் ஒரே மாதத்தைச் சொல்லிவிட்டது.

(பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்தவர்கள், 40 வயதோடு கணக்கை மூடிவிட்டார்கள். இதை நான் இதுவரை என் வீட்டுக்காரியிடம் சொன்னதில்லை.)

குழந்தைகளின் பருவங்களை இப்படிப் பாடிய குமரகுருபரருக்கே ஐந்து வயது வரை பேச்சு வரவில்லை என்பது வரலாறு. பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் விரதம் இருந்தார்கள், முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பார்கள். எங்கள் ஊரில் இது எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த கதை.

என் தம்பி 1957இல் பிறந்தான், எனக்கு ஏழு வயது இளையவன். குப்புற விழுந்தது, கை கொட்டியது, நடந்தது எல்லாம் காலத்தில் நடந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. அம்மா கவலைப்படும்போதெல்லாம் ஆச்சி சொல்வாள், "நம்ம ஊர்ப் பிள்ளைக்கு அஞ்சு வயசுலதான வாக்கு வந்துச்சு? இவனுக்கும் வரும், நீ பேசாம இரு."

அம்மா பேசாமல் இருந்தாள். திருச்செந்தூர் உண்டியலில் வெள்ளியில் ஒரு நாக்கு செய்து போட்டாள்.

யாருமே காதை நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மாமா பின்னால் நின்று வெண்கலத் தட்டைக் கரண்டியால் அடித்துப் பார்த்தார். தம்பி திரும்பினான். கோயில் மேளத்துக்கும் திரும்புவான். "காது பாம்புக் காது" என்று தீர்ப்பாகிவிட்டது. தரையின் அதிர்வும் நிழலின் அசைவும் அப்படித் திரும்ப வைக்கும் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் 'ங்கா' என்று குரல் கொடுக்கும், பிறகு அது மெல்லக் குறைந்துபோகும் என்பதும் தெரியாது. ஐந்து வயது வந்தது, போனது. ஆறும் போனது.

1965இல் பாளையங்கோட்டையில் இருந்து எங்கள் தெருவுக்கு விருந்தாக வந்த ஓர் ஆசிரியை, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அவனைக் கூப்பிட்டார். அவன் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் வேறெதுவும் சோதிக்கவில்லை. மைசூரில் பேச்சுக்கும் கேட்டலுக்குமான அகில இந்திய நிறுவனமே அந்த வருஷம்தான் தொடங்கியது என்று பின்னால் படித்தேன்.

பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1890களில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி உண்டு. எங்கள் ஊரில் இருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். அத்தனை வருஷமும் அது அங்கேதான் இருந்தது. எட்டு வயதில் தம்பியை அங்கே சேர்த்தோம். முதல் மாதத்திலேயே மற்ற பிள்ளைகளிடம் கையால் பேசக் கற்றுக்கொண்டு வந்தான். வீட்டில் அந்தக் கைப்பேச்சு யாருக்கும் புரியவில்லை. எட்டு வருஷம் எங்களோடு இருந்து ஒரு வார்த்தை கற்காதவன் அங்கே ஒரே மாதத்தில் கற்றான் என்பதை அப்பாவால் கடைசி வரை தாங்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற பிறகுதான் பிள்ளைத்தமிழை உரையோடு ஊன்றிப் படித்தேன். பத்துப் பருவத்தில் பேச்சுக்கென்று ஒன்று கிடையாது. ஆனால் தால் உண்டு. தால் என்றால் நாக்கு. தாய் நாவை அசைத்துப் பாடும் தாலாட்டு. நாக்கு தாயினுடையது, குழந்தையின் வேலை கேட்பது. ஆக, ஏழாம் மாதத்தில் வைத்த அந்தப் பருவம் காதுக்கானது. இப்போது மருத்துவர்கள் ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தால் பருவத்துக்கு முந்தியே எல்லாம் முடிந்துவிட வேண்டும். அம்மா உண்டியலில் காதைப் போட்டிருக்கலாம் என்று தோன்றியது. உடனே அவள் மேல் பழி போடுகிறேனோ என்று வெட்கமாகவும் இருந்தது.

தம்பி அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தான். தலைகீழ் எழுத்தை நாம் நேர் எழுத்தைப் படிக்கிற வேகத்தில் படிப்பான். இப்போது இருவரும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம், சிறு வயதில் பேசாததையெல்லாம் சேர்த்து. இதை வெளியிடுவதற்கு முன் அவனுக்குத்தான் அனுப்பினேன். இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்தி அனுப்பினான். ஆச்சி சொன்னது பற்றிக் கேட்டதற்கு, தனக்கு அவள் முகம் மட்டும் ஞாபகம் இருப்பதாக எழுதினான்.