கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கல்யாணப் பத்திரிகை

கல்யாணச் செய்தியை ஊருக்குச் சொல்லும் வழக்கம் அச்சுக்கும் காகிதத்துக்கும் முந்தியது. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில், கோவலன் கண்ணகி திருமணத்தை அறிவிக்க அணிபூண்ட மகளிரை யானை மேல் ஏற்றிப் புகார் நகரெங்கும் அனுப்புகிறார்கள். எழுதிய அழைப்பைப் பெரியபுராணத்தில் பார்க்கலாம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றி, சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றியதாக மரபு சொல்லும் நூல் அது. சுந்தரருக்குச் சடங்கவி சிவாச்சாரியாரின் மகளை நிச்சயம் செய்த பிறகு, ஆண்களும் பெண்களும் கூட்டமாக மண ஓலையை ஏந்திப் புத்தூருக்குப் போகிறார்கள். மணப்பந்தலில் கிழவராக வந்து இறைவன் சொன்ன வழக்கும் ஓர் ஓலையைப் பற்றியதுதான். சுந்தரர் தமக்கு அடிமை என்று எழுதிய ஆளோலை அது. அதனால் கல்யாணம் நின்றது. பண்ருட்டிக்கு அருகே அந்த ஊர் மணம்தவிழ்ந்தபுத்தூர் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது.

ஓலை போய்க் காகிதம் வந்த பின்பும் கையெழுத்துப் பத்திரிகை நீண்ட காலம் நிலைத்தது. நிச்சயதார்த்தத்தில் மணமக்களின் பெயர், பெற்றோர், நாள், நட்சத்திரம், லக்கினம் எல்லாம் எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சபையில் உரக்கப் படித்து, இரு வீட்டாரும் மாற்றிக்கொள்ளும் லக்கினப் பத்திரிகை அது. அச்சடித்த பத்திரிகையின் வாசக அமைப்பு பெரும்பாலும் இதிலிருந்தே பிறந்தது. மூலையில் மஞ்சள் தடவுவதும், முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன் வைப்பதும், வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு தட்டில் வைத்து நீட்டுவதும் அந்தக் காலத்தின் தொடர்ச்சி.

இந்தக் கடற்கரைக்கு அச்சு முன்னதாகவே வந்துவிட்டது. சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்குவும் அவருடைய சகாக்களும் 1713 முதல் தமிழ் அச்சடித்தார்கள். ஆனால் அது வேதநூல்களுக்கான அச்சகம். 1835இல் அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடு நீங்கிய பிறகே தமிழர் நடத்தும் அச்சகங்கள் பெருகி, மெல்ல மாவட்டத் தலைநகரங்களையும் எட்டின. தென்னார்க்காட்டின் தலைநகரான கடலூரில் கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் கடைவீதியும் இருந்ததால் நோட்டீசு, ரசீதுப் புத்தகம், படிவங்கள் என்று அச்சு வேலைக்குக் குறைவில்லை. சிதம்பரத்தில் கோயிலே அச்சகத்துக்கு வேலை கொடுத்தது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் பொது தீட்சிதர்கள் தங்கள் கட்டளைதாரர்களுக்கு உற்சவப் பத்திரிகை அச்சடித்துத் தபாலில் அனுப்புவார்கள். ஆனியும் மார்கழியும் உற்சவப் பத்திரிகைக்கு; தை, மாசி, வைகாசி, ஆவணி கல்யாணப் பத்திரிகைக்கு. ஆடி அச்சகத்துக்கு வறண்ட மாதம்.

ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் பத்திரிகை உருவான விதம் தெரிந்துகொள்ளத் தக்கது. வீட்டார் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து, கம்பாசிட்டர் எழுத்துப் பெட்டியின் அறைகளிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கித் தலைகீழாகக் கோப்பார். சுற்றிலும் கொடி பார்டர். மேலே பிள்ளையார் அல்லது நடராஜர் பிளாக். இரு பக்கமும் வாழைமரம், குத்துவிளக்கு. இரும்புச் சட்டத்தில் எல்லாவற்றையும் இறுக்கி, காலால் மிதிக்கும் டிரெடிலில் ஏற்றுவார்கள். மஞ்சள் தாளில் சிவப்பு மை என்பது மங்கலமும் சிக்கனமும் சேர்ந்த முடிவு. கொஞ்சம் வசதியுள்ள வீட்டுக்கு, மை காயும் முன் தங்க நிறப் பொடியைத் தூவிப் பஞ்சால் துடைத்தெடுப்பார்கள். மை பட்ட இடத்தில் மட்டும் பொடி ஒட்டிப் பெயர்கள் மின்னும். புரூஃப் வந்ததும் வீட்டுப் பெரியவர் அதை வாய்விட்டுப் படிப்பார். எழுத்துப் பிழையைவிட அவர் கவனித்தது பெயர் வரிசையை. பெரியப்பா பெயர் சித்தப்பாவுக்குக் கீழே போனால் கல்யாண வீட்டில் சண்டைதான். அச்சான பத்திரிகையை உறையில் போட்டு, மடிப்பை ஒட்டாமல் உள்ளே செருகி, புக் போஸ்ட் என்று எழுதிக் குறைந்த தபால் செலவில் அனுப்புவார்கள்.

அந்தப் பத்திரிகைகளில் அழைப்பவர் தகப்பனார். மணமக்கள் அவர் வாக்கியத்துக்குள் வரும் பெயர்கள். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்த பின் சுற்றுவட்டாரத்துப் பையன்களின் பெயருக்குப் பின்னால் பி.ஏ. சேர்ந்தது, பிறகு பெண்களின் பெயருக்கும். படிப்புக்குப் பத்திரிகையில் கிடைத்த இடம் சாதாரண மாற்றம் அல்ல. அதுவரை மணமக்களுக்கென்று அங்கே இருந்தது பெற்றோர் பெயரும் ஊரும்தான். பட்டம் அவர்கள் தாமே ஈட்டியது.

அடுத்த பெரிய மாற்றம் சுயமரியாதை இயக்கத்தால் வந்தது. புரோகிதர் இல்லாத திருமணத்தில் தலைவர் ஒருவர் முன்னிலை வகிப்பார் என்பதால், பத்திரிகையில் லக்கினம் போய்த் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்ற பொதுக்கூட்ட அமைப்பு நுழைந்தது. 1967இல் தமிழ்நாடு அரசு இத்திருமணங்களைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது. வைதிக முறைக்காரர்களின் பத்திரிகையிலும் சிரஞ்சீவி திருவளர்செல்வன் ஆனார், சௌபாக்யவதி திருநிறைச்செல்வி ஆனார். கட்சிக் கொடி நிறமும் தலைவர் படமும் அட்டையில் ஏறின. தமிழாசிரியர் எழுதிய வாழ்த்து மடலைத் தனியாக அச்சடித்துப் பந்தலில் வாசித்து, கண்ணாடிச் சட்டமிட்டு மணமக்களுக்குக் கொடுப்பதும் பரவியது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதும் பழைய ஈய எழுத்து வைத்திருந்த அச்சகங்கள் உடனே மாறிவிடவில்லை.

ஒரு பத்திரிகை எந்த வீட்டுடையது என்பதை அதன் தலைப்பே சொல்லிவிடும். சிதம்பரம் பக்கத்துச் சைவக் குடும்பத்தில் திருச்சிற்றம்பலம். 1872இல் வள்ளலார் சத்திய ஞான சபை நிறுவிய வடலூரைச் சுற்றியுள்ள சன்மார்க்கக் குடும்பங்களில் அருட்பெருஞ்ஜோதி. பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் முஸ்லிம் குடும்பங்களில் பிஸ்மில்லாஹ் அல்லது 786, பக்கத்தில் ஹிஜ்ரி தேதி. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துக்குப் பல மாநிலத்தார் வேலைக்கு வந்ததால் நகரியத்தில் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் அமைந்தன. கடலூருக்கு மேற்கே திருவந்திபுரத்தில், தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே உள்ள மலையில் பெரிய முகூர்த்த நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடக்கும். அதனால் கடலூர்ப் பத்திரிகையில் தாலி கட்டும் இடம் ஒன்று, வரவேற்பும் சாப்பாடும் வேறிடம் என்று இரண்டு முகவரி இருப்பது வழக்கம்.

சிவகாசி வண்ண அச்சில் தேர்ந்த பிறகு உள்ளூர் அச்சகத்தின் வேலை குறுகியது. தீப்பெட்டி லேபிளுக்காக வளர்ந்த அச்சுத் தொழில் காலண்டருக்கும் கல்யாண அட்டைக்கும் விரிந்தது; சென்னைப் பாரிமுனையின் ஆண்டர்சன் தெரு அவற்றுக்குப் பெரிய சந்தையானது. ஆப்செட்டில் அச்சான ராதாகிருஷ்ணரும் மீனாட்சி கல்யாணமும் அட்டையின் முகப்பில் வந்துவிட, உள்பக்கத்தை நிரப்புவது மட்டும் உள்ளூர்க்காரர் பொறுப்பாயிற்று. அச்சகத்தில் மாதிரி அட்டைகள் ஒட்டிய ஆல்பத்தைப் புரட்டி வாடிக்கையாளர் எண்ணைச் சொல்வார். ஸ்க்ரீன் பிரிண்டிங்கும், பின்னர் கணினியும் வந்து ஈய எழுத்தை ஒழித்தன. படம் அழகானது உண்மை. ஆனால் ஒரே அட்டை கடலூரிலும் கோவில்பட்டியிலும் கிடைத்ததால் வீட்டின் அடையாளம் முழுவதும் வாசகத்துக்குள் ஒதுங்கியது. தாய்மாமன்மார் பட்டியல் நீண்டது. எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு வாங்க என்று பேச்சு வராத குழந்தைகளின் பெயரில் அழைக்கும் வரி இடம்பெற்றது.

அரசும் பத்திரிகையை ஆவணமாக்கியது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தின் விண்ணப்பத்தோடு, 2022இல் அத்திட்டம் மாற்றப்படும் வரை, பத்திரிகையை இணைக்க வேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்யும்போதும் அது சான்று. நாலு பேரை வாயால் அழைத்துக் கல்யாணம் முடித்திருக்கக்கூடிய ஏழை வீடுகளும் இதனால் பத்திரிகை அடித்தன. 2020 ஊரடங்கில் விருந்தினர் 50 பேர் என்று வரம்பு வந்தபோது அச்சு வேலை சுருங்கியது. ஆனால் மாவட்டம் தாண்டிப் போக இ-பாஸ் கேட்டவர்கள் அதே பத்திரிகையைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

இப்போது அழைப்பு முதலில் வாட்ஸ்அப்பில் போகிறது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலோ கடலூர் சில்வர் பீச்சிலோ எடுத்த மணமக்கள் படம் அதில் இருக்கும், மண்டபத்துக்கு வழிகாட்டும் க்யூஆர் குறியீடும் இருக்கும். லேசரில் வெட்டிய அட்டை, புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதத்தில் பூவிதழ் பதித்த அட்டை, ஓலைச்சுவடி போல நீளவாக்கில் கோத்த அட்டை எல்லாம் ஆர்டரின் பேரில் கிடைக்கின்றன. பல குடும்பங்கள் இரண்டு விதமாக அடிக்கின்றன: நண்பர்களுக்கும் அலுவலகத்துக்கும் மணமக்கள் தாங்களே அழைக்கும் சிறிய அட்டை, உறவுக்கும் ஊருக்கும் பெரியவர்கள் பெயர் வரிசையோடு மஞ்சள் பத்திரிகை.