செத்துப்போகாத ஒரு நாடு – சிக்கசோ மக்களின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையுள்ளவர்கள் முழுதாக வாசியுங்கள்.

அண்மையில் வகுப்பில் கொலம்பஸ் பற்றிய பாடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அந்தச் செவ்விந்தியர் எல்லாரும் மௌத்தாகிட்டாங்களா?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு இதற்கு விடை தெரியும்? அவர்களைக் குதிரை, இறகு, அம்பு என்று படங்களில் பார்த்ததோடு நாம் நின்றுவிட்டோம். அவர்களில் ஒரு சமூகத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறோம்.

சிக்கசோக்களின் பூர்வீகம் இன்றைய மிசிசிப்பியின் வடபகுதி. அலபாமா, டெனசி, கென்டக்கி வரை அவர்களுடைய வேட்டைக் காடுகள் விரிந்திருந்தன. 1540ஆம் ஆண்டு குளிர்காலத்தில் எர்னான்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி தன் படையோடும் பன்றி மந்தையோடும் வந்து அவர்களுடைய ஊரில் தங்கினான். இடம் கொடுத்தார்கள், சோளம் கொடுத்தார்கள். புறப்படும் நேரத்தில் சுமை தூக்க 200 ஆட்கள் வேண்டும் என்றான். அதற்கான பதில் 1541 மார்ச்சில் விடியுமுன் கிடைத்தது. முகாம் தீயில் எரிந்தது. குதிரைகளையும் உடைகளையும் இழந்து படை தடுமாறி நகர்ந்தது. சுமார் 200 வருடங்களுக்குப் பின், 1736இல், பிரெஞ்சுக்காரர் இரண்டு திசைகளிலிருந்து வந்து இரண்டு முறையும் தோற்றுத் திரும்பினார்கள்.

போரில் வெல்ல முடியாதவர்களைக் காகிதத்தால் வென்றார்கள். அமெரிக்கா உருவான பிறகு நடந்தது அதுதான். 1818இல் அன்ட்ரூ ஜக்சன் முன்னின்று செய்த ஒப்பந்தத்தில் டெனசி, கென்டக்கிப் பக்கக் காணிகள் போயின. பிறகு மிசிசிப்பி மாநிலம், பழங்குடிகளின் சொந்த ஆட்சி செல்லாது, இனி எங்கள் சட்டம்தான் என்று சொல்லிவிட்டது. 1830இல் ஜக்சன் ஜனாதிபதியாக இருந்து வெளியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1832இல் பொன்டொடொக் ஒப்பந்தத்தின் மூலம் எஞ்சிய 60 இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலம் கைமாறியது.

1837இல் பயணம் தொடங்கியது. வழியில் பெரியம்மை, வயிற்றோட்டம். இதில் நம்மை அதிகம் உறுத்தியது ஒரு கணக்கு: விரட்டப்பட்டதற்கான செலவையும் விரட்டப்பட்டவர்களே கட்டினார்கள். தங்கள் காணி விற்ற காசிலிருந்துதான் பயணச் செலவு போனது. போய்க் குடியேறிய இடமும் இலவசமில்லை. அயலவரான சொக்டோ மக்களுக்கு 530,000 டொலர் கொடுத்து அவர்களுடைய பிரதேசத்தில் பங்கு வாங்கினார்கள். கொஞ்சக் காலம் சொக்டோக்களின் ஆட்சிக்குள் ஒரு மாவட்டமாக இருந்தார்கள். பிறகு பிரிந்து, 1856இல் டிஷொமிங்கோவில் தமக்கென ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். முதல் ஆளுநர் சைரஸ் ஹரிஸ்.

ஒன்றை மறைத்துவிட்டு எழுதுவது நியாயமில்லை. அந்தப் பயணத்தில் சிக்கசோக்களோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின அடிமைகளும் நடந்தார்கள். அவர்களுடைய எஜமானர்கள் சிக்கசோக்கள்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் அந்தத் தேசம் தென்பக்கம் நின்றது. அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அந்த மக்களுக்குச் சிக்கசோ குடியுரிமை கொடுக்கப்படவில்லை. இன்றுவரை அது தீராத கதை. அநியாயம் அனுபவித்தவன் அநியாயம் செய்யமாட்டான் என்று நாம் நினைப்பது பிழை.

அடுத்த அடி பங்கீடு என்ற பெயரில் வந்தது. பொதுக் காணியை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுத்து, தேசத்தைக் கலைத்துவிடுவது திட்டம். டோஸ் ஆணைக்குழு வந்து பெயர்ப்பட்டியல் எழுதியது. ஒரு சிக்கசோவுக்கு 320 ஏக்கர் சராசரி நிலத்தின் பெறுமதி. விடுதலையான கறுப்பினத்தவருக்கு 40 ஏக்கர். தனியாள் பெயரில் உறுதி வந்ததும் காணி எப்படிக் கைமாறும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1907இல் ஒக்லஹோமா மாநிலமானது. சொத்து விவகாரங்கள் முடியாததால் சிக்கசோ ஆட்சி பெயரளவில் நீடிக்கவிடப்பட்டது. ஆளுநரை நியமித்தவர் அமெரிக்க ஜனாதிபதி. டக்ளஸ் ஜோன்ஸ்டன் அப்படியே 1939இல் இறக்கும் வரை பதவியில் இருந்தார்.

ஆனால் மக்கள் கலையவில்லை. சிறிய கிராமத்துத் தேவாலயங்களில் கூடிக் கூடிப் பேசினார்கள். 1970இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றி, தலைவரைத் தாமே தெரிவுசெய்யும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. 1971இல் ஓவர்டன் ஜேம்ஸ் மக்கள் வாக்கில் வென்றார். அதற்கு முந்தைய தேர்தல் நடந்தது 1904இல். ஒரு மனித ஆயுள் அளவு இடைவெளி!

1983இல் புதிய அரசியலமைப்பு வந்தது. நான்கு வருடத்துக்கு ஓர் ஆளுநர், 13 பேர் கொண்ட சட்டசபை, மூன்று நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்றம். தலைமையகம் ஏடா நகரம். 1987 முதல் பில் அனோவாட்டுபி ஆளுநர். சொந்தப் பொலிஸ் இருக்கிறது. 2010இல் திறந்த பெரிய வைத்தியசாலை இருக்கிறது. பணம் எங்கிருந்து? பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளிலிருந்து. வின்ஸ்டார் என்பது உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. நமக்கு இது உவப்பான செய்தியில்லை, ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதே வருமானம்தான் பிள்ளைகளின் படிப்புக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போகிறது.

இன்னொரு விடயம். தேசத்தைக் கலைக்க எழுதிய அந்த டோஸ் பட்டியல்தான் இன்று குடியுரிமைக்கு ஆதாரம். பட்டியலில் சிக்கசோ என்று பதிந்த ஒருவரின் வழித்தோன்றல் என்று காட்டினால் போதும். 2021 மார்ச்சில் ஒக்லஹோமாவின் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம், சிக்கசோக்களின் ஒதுக்கப்பட்ட பிரதேசம் சட்டப்படி ஒருபோதும் ஒழிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. நூறு வருடத்துக்கு மேலாக எல்லாரும் முடிந்துவிட்டதாக நினைத்தது, சட்டத்தில் முடியவே இல்லை.

மொழிதான் பெரிய கவலை. சிக்கசோ மட்டுமே பேசிய கடைசி மனிதர், எமிலி ஜோன்சன் டிக்கர்சன், 2013 டிசம்பரில் 93 வயதில் காலமானார். சரளமாகப் பேசுவோர் இப்போது மிகச் சிலர், அநேகமாக முதியவர்கள். 1973இல் ஓவர்டன் ஜேம்ஸின் தாயும் அவருடைய கணவரும் சேர்ந்து ஓர் அகராதி தொகுத்து வைத்தார்கள். இன்று அரசாங்கமே மொழித் திணைக்களம் நடத்துகிறது, சிறுபிள்ளைகளுக்கு மொழிக் கழகம் இருக்கிறது.

அடுத்த பாடத்தில் அந்தப் பிள்ளைக்கு இந்த விடையைச் சொல்லி, அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் சொல்லும் "சொக்மா" என்ற சொல்லையும் கரும்பலகையில் எழுதினோம். இடைவேளை முடியுமுன் முழு வகுப்பும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது.