மூர் மார்க்கெட் தங்கமீனும் ஐந்து வாரக் காத்திருப்பும்

1966. எனக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மூர் மார்க்கெட்டிலிருந்து உருண்டையான ஒரு கண்ணாடி ஜாடியும் இரண்டு தங்கமீன்களும் வாங்கி வந்தார். தண்ணீர் கலங்கக்கூடாது என்று தினமும் காலையில் ஜாடியைக் கழுவி, புதிதாகக் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றுவார். ஆறாம் நாள் ஒரு மீன் மிதந்தது. ஒன்பதாம் நாள் மற்றொன்றும் போயிற்று. "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லடா" என்றார். அதன்பின் அவர் மீன் வாங்கவே இல்லை.

அப்பாவின் ஆசைக்குக் காரணம் மெரினா. அங்கே 1909-ல் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. மதராஸ் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. யுத்தத்தின்போது 1942-ல் அதை மூடிவிட்டார்கள். அதற்கு முன் சிறுவனாக அங்கே பார்த்த மீன்களைப் பற்றி, அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது பேத்தி மீன்தொட்டி கேட்கிறாள். ராசியை நம்பி மறுக்க மனமில்லை. கடைக்குப் போகுமுன், வீட்டுக்குள் மீன் வளர்க்கும் வழக்கம் எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சாமானும் ஏதோ ஒரு சிக்கலைத் தீர்க்கவே வந்திருக்கிறது.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் 1849-ல் ஒரு சோதனை செய்தார். பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறிய தங்கமீன்கள், வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி, சில நத்தைகள். செடி பிராணவாயு தரும், அழுகும் இலையை நத்தை தின்னும் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. 1850-ல் அதை எழுதி வெளியிட்டார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சியகம் வந்தது. மறுவருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தால் வீட்டுத் தொட்டி அங்கே பெரிய மோகமாயிற்று. பிரிட்டனில் கண்ணாடி வரியை 1845-ல் எடுத்திருந்ததும் அதற்கு உதவியது.

பன்னிரண்டு காலன் என்பது சுமார் 55 லிட்டர். எங்கள் ஜாடியில் ஐந்து லிட்டர்கூட இராது. போதாததற்கு, ஜாடியின் வாய் குறுகலானது. காற்றுப் படும் நீர்ப்பரப்பு கொஞ்சம்தான்.

வாரிங்டன் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை, ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிப் பிரித்துக் காட்டினார். இன்று நாம் வாங்கும் ஃபில்டர், முக்கியமாக இந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கும் வீடு. அப்பா தினமும் ஜாடியைக் கழுவியபோது அவை குடியேறவே வழியில்லை. குழாய்த் தண்ணீரின் குளோரின் வேறு.

கொளத்தூருக்குப் போய் நான் வாங்கியவை இவை:

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. 56 லிட்டர், ஏறக்குறைய வாரிங்டன் அளவுதான். அந்தக் காலத்து இரும்புச் சட்டமும் மக்குப் பூச்சும் துருப்பிடிக்கும், ஒழுகும். 1960-களுக்குப் பின் சிலிகான் பசை வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. தண்ணீர் மட்டுமே 56 கிலோ என்பதால் உறுதியான ஸ்டாண்ட். தொட்டிக்கு அடியில் தெர்மகோல்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும். கரண்ட் போனால் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்காதபடி, பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தேன். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசவேண்டும், குழாயடியில் கழுவக்கூடாது.

குளோரின் நீக்கும் மருந்து, மூடி, சிறிய எல்.இ.டி. விளக்கு, அம்மோனியா பார்க்கும் சோதனைப் பெட்டி. நம் சென்னை வெயிலுக்கு ஹீட்டர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஊட்டியில் இருப்பவர்கள் அப்படி விடமுடியாது.

கடையில் விற்காதது பொறுமை ஒன்றுதான். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, வெறும் தொட்டியை ஐந்து வாரம் ஓடவிட்டேன். "மீனே இல்லாம எதுக்குத் தாத்தா பம்பு ஓடுது?" என்று பேத்தி தினமும் கேட்டாள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் ஆறு கப்பி மீன்கள் விட்டோம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன்.

மூன்று மாதம் ஆகிறது. ஆறும் இருக்கின்றன, குட்டிகள் வேறு. அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: ராசியில் குறை இல்லையப்பா, உங்கள் கவனிப்பிலும் குறை இல்லை. நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.