கோப்டிக் மண்விளக்குகள்

எகிப்தின் பூர்வ கிறித்தவர்கள் கோப்டுகள். ஏறத்தாழ கி.பி. 3 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை அந்நாட்டில் எரிந்த சுடுமண் எண்ணெய் விளக்குகளுக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. சற்றுத் தாராளமாக வைத்த பெயர்தான். பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர் வீட்டிலும் இதே அகல்தான் எரிந்தது.

உள்ளங்கையில் அடங்கும் விளக்கு இது. களிமண்ணை மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டு அச்சுகளில் அழுத்தி எடுத்து, ஈரம் உலருமுன் ஒட்டிவிடுவார்கள். எண்ணெய் ஊற்ற நடுவில் ஒரு துளை, திரிக்கு மூக்கில் ஒரு துளை, பிறகு சூளை. அடியில் கிரேக்க 'ஆல்ஃபா' எழுத்தைப் பொறிக்கும் வழக்கமும் பரவலாக இருந்தது. எகிப்தில் ஏழை எளியவர் விளக்குக்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெய். அது ஒலிவ எண்ணெய்க்கு இளைக்காமல் எரியும், ஆனால் நாறும் என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார்.

இவற்றில் மிகவும் சுவையானது தவளை விளக்கு. நைல் வெள்ளம் வடிந்த சேற்றில் திடீரெனப் பெருகும் தவளையைப் புத்துயிரின் அடையாளமாகக் கண்டவர்கள் பண்டைய எகிப்தியர். அவர்களுடைய பிள்ளைப்பேற்றுத் தெய்வமான ஹெகெட்டுக்கும் தவளை உருவமே. ரோமர் ஆட்சியில் இந்தத் தவளை அகலின் முதுகில் ஏறிக்கொண்டது. அச்சிலிருந்து அச்சு எடுக்க எடுக்கக் கண்ணும் காலும் தேய்ந்து, கடைசியில் சில புடைப்புகளும் கோடுகளுமே மிஞ்சின. நாடு கிறித்தவமான பிறகும் குயவர்கள் அதைக் கைவிடவில்லை. இத்தாலியின் துரின் நகர அருங்காட்சியகத்திலுள்ள தவளை விளக்கு ஒன்றில், யோவான் நற்செய்தியில் இயேசு தம்மை உயிர்த்தெழுதல் என்று அறிவிக்கும் சொற்கள் கிரேக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஹெகெட்டின் தவளைக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைத்திருக்காது!

சிலுவை, கிறிஸ்துவின் பெயர்ச் சின்னம், பேரீச்ச ஓலை ஆகியவையும் மெல்ல இடம்பிடித்தன. அலெக்சாந்திரியாவுக்குத் தென்மேற்கே புனித மீனாஸின் யாத்திரைத் தலமான அபு மேனாவில் விளக்குகளும் புனித எண்ணெய்க் குப்பிகளும் ஏராளமாகத் தயாராயின. 1905-இல் ஜெர்மன் தொல்லியலாளர் கார்ல் மரியா காஃப்மன் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். 1979-இல் அவ்விடம் யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது.

எகிப்தின் எஹ்னாசியா என்ற ஊரில் தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி, அங்கே கிடைத்த அகல்களை வகைபிரித்து 1905-இல் வெளியிட்டார். ஃபாயும் பகுதியின் கரானிஸ் கிராமத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1924 முதல் 1935 வரை நடத்திய அகழாய்வில், விளக்கு வைக்கும் மாடங்களோடு வீடுகளே வெளிப்பட்டன.

641-இல் அரபுப் படைகள் எகிப்தைக் கைப்பற்றின. அதன்பின் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல மெருகூட்டிய விளக்குகள் சந்தையைப் பிடித்தன. பழம்பொருள் கடைகளில் இன்று 'கோப்டிக்' என்று விலைபேசப்படும் தவளை அகலில் சிலுவையோ எழுத்தோ இல்லை, தோண்டியெடுத்த இடமும் தெரியவில்லை என்றால், அதை ஏற்றியவர் கிறித்தவரா என்று எவராலும் சொல்ல முடியாது.