கலம் நெல்லும் கொடுத்த வாக்கும்: தஞ்சைச் சீமையில் கிறித்தவத் தொண்டின் முதல் நூற்றாண்டு

காவிரிப் படுகையில் சீர்திருத்தக் கிறித்தவத்தின் வரலாறு 1706ஆம் ஆண்டில் டென்மார்க் அரசின் வணிகத் துறைமுகமாக இருந்த தரங்கம்பாடியில் பர்த்தலோமேயு சீகன்பால்கு கரையிறங்கியதோடு தொடங்குகிறது. அங்கு நிறுவப்பட்ட அச்சகத்திலிருந்து 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்ததையும், அங்கு திறக்கப்பட்ட பள்ளிகளையும் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆயினும் துறைமுகத்துக்கு மேற்கே, மராத்திய மன்னரின் ஆட்சியில் இருந்த தஞ்சையிலும் அதைச் சூழ்ந்த நெல் விளையும் ஊர்களிலும் இச்சமயத்துக்கு மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம், அதை ஏற்றவர்கள் கொடுத்த வாக்கைத் தவறாமல் காத்ததையும் துன்பக் காலத்தில் ஊரை விட்டு அகலாமல் நின்றதையும் மற்றச் சமயத்தாரும் கண்ணால் கண்டதே ஆகும். தொண்டு என்பது அந்நாட்டில் அளந்து கொடுத்த நெல்லாகவும் தீர்த்து வைத்த கூலியாகவும் அறியப்பட்டது.

இத்தொண்டின் தொடக்கத்தில் நிற்பவர் ஐரோப்பியர் அல்லர். தரங்கம்பாடிக் குருமார் தஞ்சையில் தங்கிப் பணியாற்ற அரசின் இசைவு எளிதில் கிடைக்காத காலத்தில், பறையர் சமூகத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்த ராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான திருமறை நூலைப் படித்து அதன் வழியே லுத்தரன் சபைக்கு வந்து சேர்ந்தார். படைத்தொழிலைக் கைவிட்டு உபதேசியார் ஆனார். உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாமல், ஊர் ஊராகச் சென்று மறை கற்பித்து, நோயுற்றோரைப் பார்த்து, சபையாரின் நன்மை தீமைகளில் உடனிருக்கும் ஊழியர். தஞ்சைச் சபையின் அன்றாடச் சுமை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவர் தோளில் இருந்தது. சொந்தச் சமூகத்தாரிடையே இவர் கட்டி எழுப்பிய சபைதான் பின்னால் வந்த புகழ்பெற்ற குருமாருக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தது.

ராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. இந்தியரில் முதல் சீர்திருத்தச் சபைக் குருவாக ஆரோன் 1733இல் தரங்கம்பாடியில் பட்டம் பெற்றார்; இரண்டாமவருக்கு 1741இல் பட்டம் அளிக்க வேண்டிய வேளையில் ராஜநாயக்கனின் பெயரும் கருதப்பட்டது. பறையர் ஒருவரின் கையிலிருந்து இராப்போசனம், அதாவது கிறிஸ்துவின் கடைசி விருந்தை நினைவுகூர்ந்து பகிரப்படும் அப்பமும் திராட்சைரசமும், பெறுவதற்கு மேல்சாதிக் கிறித்தவர் இசையமாட்டார் என்று குருமார் அஞ்சியதால் தியோகு என்பவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். தகுதியில் எவ்வகையிலும் குறையாத ஊழியருக்கு அவர் சார்ந்த திருச்சபையே இழைத்த அநீதி இது என்று கூறுவதில் தயக்கம் தேவையில்லை. ராஜநாயக்கனோ 1771இல் தம் வாழ்நாள் முடியும்வரை உபதேசியாராகவே உழைத்தார்.

மக்கள் வழக்கில் சுவார்ட்ஸ் ஐயர் என்று வழங்கும் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்கத் தொடங்கி, 1750இல் தரங்கம்பாடி வந்தவர். 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சையிலும் நிலையாகத் தங்கிய இவர் மணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்வு வாழ்ந்தார். தமிழோடு மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசியம் ஆகிய மொழிகளையும் கற்றார். ஆங்கிலப் படையினருக்கு ஆற்றிய ஊழியத்துக்காகக் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுதோறும் கொடுத்த 100 பவுனில் பாதியைச் சபைக்கே செலவிட்டார். 1779இல் சென்னை அரசின் வேண்டுகோளின்படி சீரங்கப்பட்டணம் சென்று மைசூரை ஆண்ட ஹைதர் அலியைச் சந்தித்தபோது ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயைச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முயன்று, அவர்கள் வாங்க மறுத்ததால், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை முதலாக வைத்தார். தூது பலிக்கவில்லை, மறு ஆண்டே ஹைதருக்கும் கம்பெனிக்கும் போர் மூண்டது.

அப்போரே தஞ்சைச் சீமையின் பெருந்துயரம். 1781இல் ஹைதரின் படை படுகைக்குள் புகுந்து ஊர்களைச் சூறையாடி, மாடுகளை ஓட்டிச் சென்றது. உயிர் தப்பியோர் கோட்டைக்குள் வந்து நிறைந்தனர். கோட்டையிலோ நெல் இல்லை. வெளியூர்களில் மீதி இருந்த நெல்லைக் கொண்டுவர வண்டி மாடும் ஆளும் வேண்டியிருக்க, குடியானவர் எவரும் முன்வரவில்லை. அவர்களைக் குறைகூற இடமில்லை: 1773இல் ஆற்காட்டு நவாபு தஞ்சையைக் கைப்பற்றியதும், 1776இல் அரசு மன்னரிடம் மீண்ட பிறகு கப்பமும் வரியும் கழுத்தை நெரித்ததும், எடுத்த நெல்லுக்கும் மாட்டுக்கும் அதிகாரிகள் விலை கொடுக்காமல் விட்டதும் அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது. மன்னர் துளஜா வேறு வழியின்றி சுவார்ட்ஸிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். மாட்டுக்கும் ஆளுக்கும் உரிய கூலியைத் தாமே கொடுப்பதாகச் சுவார்ட்ஸ் ஊர்களுக்கு எழுதியனுப்பியதும் ஓரிரு நாளில் 1,000 மாடுகள் சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கலம் என்பது 12 மரக்கால் கொண்ட தஞ்சை முகத்தலளவு. வந்தவர் அனைவருக்கும் சொன்னபடி கூலி கொடுக்கப்பட்டது. அந்த ஓலைகளை ஏந்திக்கொண்டு எதிரிப் படை திரிந்த ஊர்களுக்கு நடந்தவர்களில் உள்ளூர் உபதேசியார்களும் இருந்தனர் என்பதை மறக்கலாகாது. சுவார்ட்ஸின் சொல்லுக்கு ஊரில் மதிப்பிருந்ததற்கு அவர்களுடைய நடத்தையும் ஒரு காரணம்.

போர் ஓய்ந்த பின்னும் நிலைமை சீராகவில்லை. வரி வசூலின் கொடுமை தாங்காமல் ஆயிரக்கணக்கான குடியானவர் நாட்டை விட்டு வெளியேறியிருந்தனர். நீதி வழங்குவதாக மன்னர் அறிவித்தும் அவர்கள் நம்பவில்லை. நிருவாகத்தைச் சீர்செய்யச் சென்னை அரசு அமைத்த குழுவில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட சுவார்ட்ஸ், வன்முறையான எந்தச் செயலிலும் தமக்குப் பங்கிருக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் அதை ஏற்றார். மன்னரின் சார்பில் தம் பெயரால் உறுதிகூறி அவர் எழுதியதும் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர் என்று 1794இல் அவர் லண்டனுக்கு எழுதிய கடிதம் தெரிவிக்கிறது. நாற்று விட வேண்டிய பருவம் கடந்துகொண்டிருந்ததால் விரைந்து உழுமாறு அவர் வேண்ட, தங்களுக்கு அவர் காட்டிய அன்புக்கு ஈடாக இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் மறுமொழி சொன்னதாகவும் அக்கடிதம் கூறுகிறது. திரும்பியவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். அவர்களை மதம் மாற்றும் நோக்கமும் அந்த உறுதிமொழியில் கலக்கவில்லை. நற்செயலின் தூய்மை அங்கேதான் இருக்கிறது.

இதே நேர்மை அரண்மனைக்குள்ளும் சோதிக்கப்பட்டது. 1787இல் இறக்கும் தறுவாயில் துளஜா தம் தத்துப்பிள்ளை சரபோஜியைச் சுவார்ட்ஸின் கையில் ஒப்படைக்க விரும்பினார். அவ்வளவு பெரிய பொறுப்பு தமக்குத் தகாதென்று மறுத்த சுவார்ட்ஸ், மன்னரின் தம்பி அமர்சிங்கைக் காப்பாளராக்கலாம் என்றார். அமர்சிங்கோ தத்து செல்லாது என்ற சாஸ்திரிகளின் கருத்தைத் துணைகொண்டு அரியணையைத் தானே ஏற்றான். சிறுவன் கல்வியின்றி அடைத்து வைக்கப்பட்டான். தம் யோசனையின் விளைவைக் கண்ட சுவார்ட்ஸ் கம்பெனி அரசிடம் ஓயாமல் முறையிட்டு, 1793இல் சரபோஜி சென்னைக்குப் பாதுகாப்பாக அனுப்பப்படுவதற்குக் காரணமானார். 1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் இறந்தார்; அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சரபோஜி முடிசூடினார். சரபோஜி இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்று, தம் போன்சலே வமிச வரலாற்றைப் பெரிய கோவிலில் கல்லில் பொறிக்கச் செய்தவர். அவரே இங்கிலாந்தில் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு சுவார்ட்ஸின் மரணப்படுக்கைக் காட்சியைப் பளிங்கில் வடிக்கச் செய்து, 1779இல் கட்டப்பட்ட தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் வைத்தார். ஒரத்தநாட்டை அடுத்த கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறித்தவப் பிள்ளைகள் உண்டு படிக்க ஏற்பாடும் செய்தார். ஒருவர் பற்றுறுதியை மற்றவர் மதிக்கும் பண்பு அந்த அவையில் இருபுறமும் இருந்தது: சுவார்ட்ஸ் வளர்த்த கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், அரண்மனை நாடகத்துக்கு விநாயகர் காப்பு பாட மறுத்தபோதும் சரபோஜியின் நட்பை இழக்கவில்லை என்று சொல்லப்படுகிறது.

சுவார்ட்ஸ் தொடாமல் விட்ட புண் ஒன்று உண்டு. அவர் காலத்துத் தேவாலயத்தில் வேளாளர் ஒருபுறமும் பறையர் மறுபுறமும் அமர்ந்தனர். இராப்போசனத்திலும் முன்பின் முறை இருந்தது. மெல்ல மாறும் என்று அவர் பொறுத்தார். 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் வேளாளர் என்பதும் நினைக்கத்தக்கது. பொறுத்ததால் வழக்கம் உரம் பெற்றதே தவிர மாறவில்லை. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாக ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சையில் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. வேதநாயக சாஸ்திரியார், அரிய கவிஞராக இருந்தும், பழைய வழக்கத்தின் பக்கமே வாதாடினார். 1835இல் வில்சன் தஞ்சைக்கு நேரில் வந்து பேசியும் வேளாளக் குடும்பங்கள் பல அந்த ஆணையை ஏற்காமல் சபையை விட்டு விலகின.