கார்ட்டர் பாம்பும் அதன் நாக்கும்

பாம்பு ஏன் ஓயாமல் நாக்கை நீட்டுகிறது? யாரைக் கேட்டாலும் ஒரு விடை கிடைக்கும். நாக்கில்தான் நஞ்சு இருக்கிறது என்பார் சிலர். காற்றைக் குடிக்கிறது என்பார் வேறு சிலர். படித்தவர்கள் சொன்ன விடைகளும் இவற்றைவிட மேலானவையாக இல்லை. பிளவுபட்ட நாக்கினால் பாம்புக்குச் சுவையின்பம் இரு மடங்காகக் கிடைக்கிறது என்று கருதினார் அரிஸ்டாட்டில். 17ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த ஹொதியெர்னா, மண்ணில் ஊரும் பிராணியின் மூக்கில் அடையும் அழுக்கை அகற்றவே அந்நாக்கு அமைந்தது என்றார். இந்த ஹொதியெர்னா தொலைநோக்கியால் விண்மீன் கொத்துகளைத் தேடிப் பட்டியலிட்ட வானியல் அறிஞர் என்பதை அறிந்தால் உங்களுக்கு வியப்பு ஏற்படலாம். வானத்தைத் துருவிப் பார்த்தவருக்கும் காலடியில் ஊர்ந்த பிராணி புதிராகவே இருந்தது!

இப்புதிரை விடுவித்த பெருமையில் பெரும் பங்கு வட அமெரிக்காவின் மிகச் சாதாரணமான ஒரு பாம்பைச் சாரும். அதன் பெயர் கார்ட்டர் பாம்பு. கார்ட்டர் என்பது காலுறை நழுவாமலிருக்கக் கட்டும் பட்டி. அப்பட்டியைப் போல உடல் நெடுகக் கோடுகள் ஓடுவதால் இப்பெயர் வந்தது. 1758இல் லின்னேயசு இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைந்த நீளம். மனிதரைக் கொல்லும் நஞ்சு கிடையாது. மண்புழு, தவளை, மீன் ஆகியவை உணவு. நம் குளங்களில் நீந்தும் தண்ணீர்ப் பாம்பும் இதே துணைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் தண்ணீர்ப் பாம்பு முட்டையிடும்; கார்ட்டர் பாம்போ குட்டி போடும். அமெரிக்கச் சிறுவர்கள் தோட்டத்தில் இதைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பது வழக்கம். கையில் எடுத்தவுடன் துர்நாற்றம் வீசும் திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும். அதைப் பொறுத்துக்கொண்டால் வேறு தொல்லையில்லை.

பெட்டியில் வளர்ப்பவர் முதலில் காணும் விந்தை, சட்டை உரித்தலாகும். பாம்பு சில நாட்களாக இரை எடுக்காமல் ஒதுங்கிக் கிடக்கும். அதன் நிறம் மங்கும். கண்கள் பால் படர்ந்ததுபோல் நீலம் பூக்கும். பாம்புக்குத் திறந்து மூடும் இமை இல்லை. கண்ணின் மேல் ஒரு தெளிந்த செதில் மூடியிருக்கிறது. அதுவும் தோலின் பகுதியே. பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் உருவாகி, இரண்டும் பிரியத் தொடங்கும்போது அச்செதிலும் மங்கிவிடுகிறது. சில நாட்களில் கண் மீண்டும் தெளியும். அவசரப்படுபவர்கள் இத்துடன் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். சட்டை கழல்வதோ அதற்கும் சில நாட்கள் கழித்துத்தான். பாம்பு தன் மூக்கைக் கல்லில் தேய்த்து உதட்டோரத்தில் தோலை விடுவிக்கிறது. பிறகு நாம் காலுறையைக் கழற்றுவதுபோல, உட்புறம் வெளியே தெரியும்படி அதிலிருந்து ஊர்ந்து வெளிவருகிறது. உரிந்த சட்டையில் கண்ணின் செதில்களும் இரு சிறு கிண்ணங்கள்போல் இருக்கும். பெட்டியில் ஈரம் போதாவிட்டால் சட்டை துண்டு துண்டாகக் கிழியும். அச்செதில்கள் கண்ணிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. தோலின் அடுக்குகளில் இவ்வளவும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை 1965இல் மேடர்சன் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கண் மங்கிய அந்நாட்களிலும் பாம்பின் நாக்கு நீண்டுகொண்டுதான் இருக்கிறது. நாக்கு எதையோ அறிவிக்கிறது. எதை, எங்கே?

1813இல் டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கோப்சன் என்ற மருத்துவர், விலங்குகளின் மூக்கடியில் உள்ள ஓர் உறுப்பை விவரித்தார். பாம்பின் மேலண்ணத்திலும் அது இரு சிறு குழிகளாக வாய்க்குள் திறக்கிறது. இதன் பணி என்ன என்பதை 1938இல் வைல்டு என்பவர் கார்ட்டர் பாம்புகளைக்கொண்டே சோதித்தார். மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் மணம் உணரும் நரம்பை வெட்டிய பின்னரும் பாம்பு மண்புழுவின் வாடையைக் கண்டு தாக்கியது. யாக்கோப்சன் உறுப்பின் நரம்பை வெட்டியதும் அத்தாக்குதல் நின்றுவிட்டது. 1970களில் நியூயார்க்கில் ஹால்பெர்னும் கியூபியும் செய்த சோதனைகள் இதை உறுதிப்படுத்தின.

கத்தி எடுக்காமல் செய்யப்பட்ட சோதனையே எனக்கு அதிகம் பிடித்தது. 1966இல் பர்க்கார்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர், பிறந்தது முதல் ஒரு வாய் இரையும் உண்ணாத கார்ட்டர் குட்டிகளை எடுத்துக்கொண்டார். மண்புழு, மீன் முதலியவற்றை ஊறவைத்த நீரில் பஞ்சை நனைத்துக் குச்சியில் சுற்றி, குட்டியின் முன் நீட்டினார். குட்டி விரைவாக நாக்கை நீட்டியது; பிறகு வாயைத் திறந்து பஞ்சையே தாக்கியது! வெறும் நீரில் நனைத்த பஞ்சுக்கு இந்த வேகம் இல்லை. மண்புழுவை ஒருநாளும் கண்டிராத குட்டிக்கு அதன் வாடை இரை என்று தெரிந்திருந்தது. ஒரு கடிகாரமும் சிறிது பஞ்சும் இருந்தால் செய்யக்கூடிய சோதனை இது. நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கருவி இல்லை என்று குறைப்படுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மூக்கு இருக்க நாக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். இயற்பியல் மாணவருக்கு விடை எளிது. ஒரு பொருள் ஆவியாகிக் காற்றில் கலந்தால்தான் தொலைவிலிருந்து அதை முகர முடியும். பெரிய, கனமான மூலக்கூறுகள் எளிதில் ஆவியாவதில்லை. அவை கிடக்குமிடத்திலேயே கிடக்கும். காற்று சுமக்காத அச்செய்தியை நாக்கு தொட்டு எடுத்துவர வேண்டியதுதான்.

கனடாவில் மானிடோபா மாநிலத்து நார்சிஸ் என்னுமிடத்தில் சுண்ணாம்புப் பாறைக் குழிகள் உள்ளன. அங்கே பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் குளிர்காலத்தை உறங்கிக் கழித்து, வசந்தத்தில் வெளிவருகின்றன. ஒரு பெண் பாம்பைப் பத்து இருபது ஆண் பாம்புகள் சுற்றிக்கொண்டு பந்துபோல் உருளும். ஆண்கள் பெண்ணை எப்படி இனங்காண்கின்றன? 1989இல் மேசனும் அவருடைய குழுவினரும் விடை கண்டனர். பெண்ணின் தோலில் உள்ள மெத்தில் கீட்டோன்கள் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளே அடையாளம். எளிதில் ஆவியாகாத இப்பொருளை ஆண் நாக்கினால் தொட்டே அறிகிறது.

நாக்கு ஏன் பிளவுபட்டது என்பதும் இதிலிருந்து விளங்கும். ஒலி வரும் திசையை இரு காதுகளால் நாம் உணர்வதுபோல, பாம்பு நாக்கின் இரு முனைகளையும் அகல விரித்து ஒரே சமயத்தில் இரண்டு இடங்களைத் தொட்டு ஒப்பிடுகிறது. ஒரு முனை மணத்தடத்தை விட்டு விலகினால், மறுமுனை இருக்கும் பக்கம் தலை திரும்பும். 1994இல் ஷ்வெங்க் இக்கருத்தை விரிவாக நிறுவினார். அரிஸ்டாட்டிலின் இரட்டை இன்பம் இரட்டை அளவீடாக மாறிற்று.

கதை இன்னும் முடியவில்லை. 2020இல் கனடாவின் ஒண்டாரியோவில் ஸ்கின்னரும் மில்லரும், பெட்டியில் விட்ட இளம் கார்ட்டர் பாம்புகள் கூடியிருக்கவே விரும்புவதையும், கலைத்து விட்டாலும் தமக்குப் பிடித்த துணைகளிடமே திரும்புவதையும் கண்டனர். 2024இல் அங்கேயே ஒரு புதிய சோதனை வெளிவந்தது. பாம்பின் உடல் வாடை படிந்த பஞ்சில் சிறிது ஆலிவ் எண்ணெயைக் கலந்து, அதே பாம்பின் முன் வைத்தார்கள். தன் வாடை, மாறிய தன் வாடை, மற்றொரு பாம்பின் மாறிய வாடை என்று பலவற்றைத் தந்து நாக்கின் அசைவுகளைக் கணக்கிட்டனர். மாற்றப்பட்ட தன் வாடையையே கார்ட்டர் பாம்பு அதிக நேரம் நாக்கை நீட்டி ஆராய்ந்தது. மலைப்பாம்பு இனத்தைச் சேர்ந்த பந்துப் பாம்புகளிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. தன்னைத் தானே அறிதல் என்று இதைச் சொல்லலாமா என்ற விவாதம் நடந்துவருகிறது.